கடிதம் வந்திருக்கிறது – 12: வழக்குக்கு முந்தைய முப்பது நாள்

ஒரே ஒரு தாள்தான். மேலே கொட்டை எழுத்தில் 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்று இருக்கும். அதற்குக் கீழே உங்கள் வண்டி எண்ணும் ஏதோ ஒரு கடைத்தொகுதியின் பெயரும். பக்கத்தில் இரண்டு புகைப்படங்கள்: வண்டி உள்ளே நுழைந்தபோது ஒன்று, வெளியேறியபோது ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் மணி, நிமிடம், விநாடி. கடைசியாகத் தொகை: 100 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 60.

இங்கிலாந்தில் கார் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தத் தாளைப் பார்க்காத வீடு அபூர்வம். தனியார் பார்க்கிங் நிறுவனங்கள் ஒரு வண்டி யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு ஒவ்வொரு முறையும் 2 பவுண்ட் 50 பென்ஸ் கட்டுகின்றன. 2024-25 நிதியாண்டில் மட்டும் அப்படி 1 கோடியே 40 லட்சம் தடவைக்கு மேல் விவரம் வாங்கியிருக்கின்றன. ஏறத்தாழ அத்தனை கடிதங்கள் வீடுகளுக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தில், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரின் கைப்பைகளிலிருந்து இந்தக் கடிதங்கள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடவே இரண்டு விதமான ஆலோசனையும் கிடைக்கும். "பேசாமல் கட்டிவிடு, கோர்ட்டுக்குப் போனால் விசாவுக்கு ஆபத்து" என்பது ஒன்று. "கிழித்துப் போடு, அவர்களால் ஒரு மயிரும் பிடுங்க முடியாது" என்பது மற்றது. முதல் ஆலோசனை கட்டத் தேவையில்லாத பணத்தைக் கட்ட வைக்கிறது. இரண்டாவது ஆலோசனை, 60 பவுண்டில் முடிந்திருக்கக்கூடிய விஷயத்தை 250 பவுண்டுக்கும் ஆறு வருடக் கடன் பதிவுக்கும் கொண்டுபோய் விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் சட்டம் ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பாதையைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில், அனுப்பியது யார்?

சென்ற வாரம் கவுன்சில் அனுப்பும் அபராதத்தைப் பார்த்தோம். அதற்கும் இதற்கும் சுருக்கப் பெயர் ஒன்றுதான்: பிசிஎன். கவுன்சில் அனுப்புவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்', சட்டப்படியான அபராதம். கடைத்தொகுதியிலோ மருத்துவமனை வளாகத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இருந்து வருவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. ஒரு தனியார் நிறுவனம் கேட்கும் பணம். நிறமும் கட்டங்களும் ஒரே மாதிரி இருக்கும். கவுன்சிலின் பெயர் இருக்கிறதா, நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

தனியார் நிறுவனத்துக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அவர்கள் சொல்வது இதுதான்: "எங்கள் இடத்தில் பலகை வைத்திருந்தோம். அதைப் படித்துவிட்டு நிறுத்தினாய். அதனால் ஒப்பந்தம் உண்டாயிற்று. நீ அதை மீறினாய். மீறினால் இவ்வளவு என்றும் பலகையிலேயே எழுதியிருந்தோம்." ஆகவே இது சிவில் விவகாரம். போலீஸ் வராது. குற்றப் பதிவு ஏற்படாது. இந்த ஒரு விஷயம் புரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

ஆனால் ஒப்பந்தம் என்பதாலேயே அது வெற்றுக் காகிதமாகிவிடாது. எஸ்ஸெக்ஸில் உள்ள செல்ம்ஸ்ஃபர்ட் நகரத்தின் ஒரு கடைத்தொகுதியில் 2013 ஏப்ரலில் ஒருவர் காரை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் இலவசம். அவர் 56 நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டார். 85 பவுண்ட் கேட்டு நோட்டீஸ் வந்தது. இழப்பே இல்லாதபோது இவ்வளவு கேட்பது தண்டனைதான் என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பர் 4 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஒரே வண்டி நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இடம் மாறிமாறிக் கிடைப்பதில் நிறுவனத்துக்கும் நில உரிமையாளருக்கும் நியாயமான அக்கறை உண்டு, 85 பவுண்ட் அதற்கு மிஞ்சிய தொகை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். பார்க்கிங் ஐ எதிர் பீவிஸ் என்ற இந்த வழக்கை இன்று ஒவ்வொரு பார்க்கிங் நிறுவனமும் தன் கடிதத்தில் எடுத்துக் காட்டுகிறது.

அதே தீர்ப்பை நிதானமாகப் படித்தால் நமக்கும் அதில் பிடி இருக்கிறது. அந்த இடத்தில் வாசலிலும் உள்ளேயும் சுமார் 20 பலகைகள் இருந்தன. எழுத்து பெரியது, 85 பவுண்ட் என்பது பளிச்சென்று தெரிந்தது. பலகை தெளிவாக இருந்ததால்தான் நிறுவனம் ஜெயித்தது. அப்படிப்பட்ட பலகை இல்லாத இடத்துக்கு அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

பதினாலு நாள் கணக்கு

2012-க்கு முன்னால் தனியார் நிலத்தில் சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிட்டுக் காசு கேட்பார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தடை செய்தார்கள். அதற்கு ஈடாக அதே சட்டம், சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் 2012, தன் நான்காவது அட்டவணையில் நிறுவனங்களுக்கு ஒரு புதிய உரிமையைக் கொடுத்தது. வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால், யார் பேரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அந்தப் பதிவுதாரரிடமே பணம் கேட்கலாம். "கிழித்துப் போடு" என்ற பழைய ஆலோசனை காலாவதியானது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்த உரிமை சும்மா கிடைப்பதில்லை. அட்டவணையில் சொன்ன நிபந்தனைகளை நிறுவனம் வரிக்கு வரி நிறைவேற்றியிருக்க வேண்டும்.

கண்ணாடியில் சீட்டு எதுவும் ஒட்டாமல் கேமராவை மட்டும் வைத்து நோட்டீஸ் அனுப்பினால், வண்டி நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பிய தேதி போதாது, சேர்ந்த தேதிதான் கணக்கு. தபாலில் போட்டால் இரண்டாவது வேலைநாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது பதிவுதாரருக்கான கடிதம் 28 நாள் கழிந்த பிறகு, அடுத்த 28 நாளுக்குள் வர வேண்டும்.

கடிதத்தில் எந்த நிலம், எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டது என்ற விவரம் இருக்க வேண்டும். ஓட்டியவர் யாரென்று தெரியவில்லை, 28 நாளில் பணமோ ஓட்டியவரின் பெயரோ வராவிட்டால் உங்களிடமே வசூலிக்க உரிமை உண்டு என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பதிவுதாரர் பொறுப்பு என்பது கழன்றுவிடும். பிறகு ஓட்டியவர் யார் என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. துணைவிதிகளின் கீழ் வரும் ரயில் நிலைய, விமான நிலைய நிலங்களுக்கு இந்த அட்டவணையே பொருந்தாது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பொருந்தாது.

எனவே கடிதம் வந்த உடனே உறையின் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். பதில் எழுதும்போது "நான் நிறுத்தினேன்", "என் மனைவி ஓட்டினாள்" என்று தொடங்காதீர்கள். "இந்த வண்டியின் பதிவுதாரர் என்ற முறையில் எழுதுகிறேன், ஓட்டியவர் பார்த்த பலகையில்..." என்று எழுதுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தனியார் நிறுவனத்துக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. பொறுப்பு கழன்றுவிட்ட நிலையில் "நான்தான்" என்ற ஒரே சொல்லால் அதைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேமரா காணாதது

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் போன குளிர்காலத்தில் ஒரு கடிதத்தைக் காட்டினார். மூன்று மணி நேரம் அனுமதி உள்ள கடைத்தொகுதியில் வண்டி ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றதாக எழுதியிருந்தது.

"தம்பி, நான் காலமை ஒருக்கா போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வீட்ட வந்திட்டன். பிறகு பின்னேரம் மருந்துக்கடைக்கு எண்டு திரும்பப் போனனான். அவ்வளவு நேரம் அங்க நிண்டு நான் என்ன செய்யிறது?"

"ரெண்டு தரம் போனதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா, அக்கா?"

யோசித்தார். பிறகு வங்கிக் கணக்கைக் கைபேசியில் திறந்தார். காலையில் கடையில் அட்டை தேய்த்தது இருந்தது. நடுவில், இரண்டு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில் பணம் கட்டியதும் இருந்தது. பெட்ரோல் ரசீது காரின் கதவுப் பையிலேயே கிடந்தது. அதில் மணி அச்சாகியிருந்தது. கேமரா முதல் முறை வெளியேறியதையும் இரண்டாம் முறை நுழைந்ததையும் தவறவிட்டு, காலை நுழைவையும் மாலை வெளியேற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. தானியங்கி எண் கேமராக்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு இது. பத்து வரியில் கடிதம் எழுதி, ரசீதின் படத்தையும் கணக்கின் பக்கத்தையும் இணைத்தோம். நோட்டீஸை ரத்து செய்துவிட்டதாகப் பதில் வந்தது.

கேமரா பற்றி இன்னொன்று. அது பதிவது வாசலைத் தாண்டிய நேரத்தை. வண்டி நின்ற நேரத்தை அல்ல. இடம் தேடிச் சுற்றியதும், வெளியேறும் வரிசையில் காத்திருந்ததும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். பார்க்கிங் துறையின் இரண்டு சங்கங்களான பிபிஏவும் ஐபிசியும் சேர்ந்து வெளியிட்ட பொது நடத்தை விதிகள் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. பலகையைப் படித்து இருப்பதா போவதா என்று முடிவு செய்யத் தொடக்கத்தில் சில நிமிடமும், அனுமதித்த நேரம் முடிந்தபின் 10 நிமிடமும் அவகாசம் தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. இயந்திரத்தில் வண்டி எண்ணைத் தட்டும்போது 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டுவிட்டது போன்ற சின்னப் பிழைக்கு, பணம் கட்டியிருந்தால் நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும்.

விதிகள் தானாக மாறிவிடவில்லை. டெர்பி நகரத்தில் ஒரு பெண் ஒவ்வொரு முறையும் பார்க்கிங் கட்டணத்தைச் செலுத்தியிருந்தும், உள்ளே நுழைந்து ஐந்து நிமிடத்துக்குள் செலுத்தவில்லை என்று சொல்லி 1,906 பவுண்ட் கேட்டார்கள். அவர் மறுத்து நின்றார். விஷயம் ஊடகங்களுக்கு வந்தது. நிறுவனம் வழக்கைக் கைவிட்டது. 2025 தொடக்கத்தில் அந்த ஐந்து நிமிட விதியையே சங்கங்கள் திருத்தின. ஒருவர் எழுதிய மறுப்பு எத்தனையோ பேருக்குப் பயன்பட்டது.

பலகைக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு கிழக்கு லண்டன் வழக்கு உண்டு. உடம்புக்கு முடியாமல் அவசரமாக வண்டியை ஓரங்கட்டிய ஒரு பெண்ணின் காருக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பலகை இருந்தது, ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய வண்டி அதை மறைத்திருந்தது. பலகையை அவர் பார்க்கவில்லை, ஆகவே அவர் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. வைன் வழக்கு என்று அதற்குப் பெயர். பூட்டுக் காலத்து வழக்கானாலும் அதன் நியாயம் இன்றும் எடுபடுகிறது. இரவில் விளக்கு இல்லாத பலகை, மரக்கிளை மறைத்த பலகை, தொகையை மட்டும் பொடி எழுத்தில் போட்ட பலகை, எதுவானாலும் அன்றைக்கோ மறுநாளோ போய்ப் படம் எடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி எடுத்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம் கழித்துப் போனால் அங்கே புதுப் பலகை பளபளக்கும்.

அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு 2016-இல் ஆக்ஸ்ஃபர்ட் கவுண்டி நீதிமன்றத்தில் வந்த ஜாப்சன் எதிர் ஹோம்கார்ட் தீர்ப்பு துணை. தன் குடியிருப்பு வாசலில் மேசையை இறக்கி வைக்கச் சில நிமிடம் வண்டியை நிறுத்தியது 'பார்க்கிங்' ஆகாது என்றார் நீதிபதி. குத்தகைப் பத்திரம் கொடுத்த உரிமையைப் பிறகு வந்த பலகை பறித்துவிட முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. உங்கள் பத்திரத்தை எடுத்து, பார்க்கிங் பற்றிய பத்தியைப் படியுங்கள்.

முறையீடு: இரண்டு படி

முதல் படி, நிறுவனத்துக்கே எழுதுவது. நோட்டீஸ் வந்த 28 நாளுக்குள் எழுதிவிட வேண்டும். முதல் 14 நாளுக்குள் எழுதினால், நிராகரித்தாலும் பெரும்பாலும் அந்த 60 பவுண்ட் சலுகையை மறுபடி தருவார்கள். அதே சமயம் கடைக்கோ மருத்துவமனைக்கோ நேரில் போய் மேலாளரைப் பாருங்கள். ரசீதைக் காட்டுங்கள். நிலம் அவர்களுடையது அல்லது அவர்கள் குத்தகைக்கு எடுத்தது. அவர்கள் ஒரு மின்னஞ்சல் போட்டால் நிறுவனம் பெரும்பாலும் விட்டுவிடும். நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு இதைச் செய்வதே இல்லை.

இரண்டாவது படி, வெளியில் உள்ள முறையீட்டு அமைப்பு. பிபிஏ உறுப்பினர் என்றால் பாப்லா, ஐபிசி உறுப்பினர் என்றால் ஐஏஎஸ். நிராகரிப்புக் கடிதத்திலேயே எது என்று இருக்கும். பாப்லாவுக்குப் போக 28 நாள்; காசு கிடையாது. பாப்லா உங்கள் பக்கம் தீர்த்தால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். உங்களுக்கு எதிராகத் தீர்த்தால் சலுகைத் தொகை போய்விடும், ஆனால் அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பாப்லாவில் நல்ல பயன் தரும் கேள்வி ஒன்று: "இந்த நிலத்தில் நோட்டீஸ் கொடுக்கவும் வழக்குப் போடவும் நில உரிமையாளர் உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் தந்திருக்கிறாரா? பத்திரத்தைக் காட்டுங்கள்." பத்திரம் காலாவதியாகியிருக்கலாம், எல்லை தவறியிருக்கலாம். கேட்காதவர்களுக்கு அது தெரியவே வராது.

சிவப்பு எழுத்துக் கடிதங்கள்

முறையீடு தோற்றாலும், செய்யாமலே விட்டாலும் அடுத்து வருவது கடன் வசூல் நிறுவனத்தின் கடிதங்கள். 100 பவுண்ட் இப்போது 170 ஆகியிருக்கும். "இறுதி எச்சரிக்கை" என்று சிவப்பில் எழுதியிருக்கும்.

இவர்கள் பெய்லிஃப் அல்ல. உங்கள் வீட்டுக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ இவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்து, அதையும் கட்டாமல் விட்டால்தான் பெய்லிஃப் என்ற பேச்சே எழும். கூட்டிய 70 பவுண்டுக்கும் ஒரு மறுப்பு உண்டு: நான்காவது அட்டவணைப்படி பதிவுதாரரிடம் வசூலிக்கக்கூடிய உச்சத் தொகை, நோட்டீஸில் குறித்த தொகைதான். இந்தக் கடிதங்களுக்கு ஒரே ஒரு முறை, "இந்தக் கடனை மறுக்கிறேன்; பாக்கி விவரங்களை உங்கள் கட்சிக்காரரிடம் பேசிக்கொள்கிறேன்" என்று எழுதினால் போதும். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அந்த ஒரு கடிதம்

இத்தனை கடிதங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு ஜாதி. வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயரில் வரும். 'லெட்டர் ஆஃப் கிளெய்ம்' அல்லது 'லெட்டர் பிஃபோர் கிளெய்ம்' என்று தலைப்பிட்டிருக்கும். முப்பது நாள் என்று இருக்கும். கூடவே பதில் படிவமும் வரவு செலவு எழுதும் தாளும் இருக்கும். முன்னால் வந்த எட்டுக் கடிதங்களைக் கண்டு சலித்துப்போனவர்கள் இதையும் அதே அடுக்கில் செருகிவிடுகிறார்கள். பெரும்பாலான இழப்பு நடப்பது இந்த இடத்தில்தான்.

2017 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் கடன் வழக்குகளுக்கென்று ஒரு முன்நடைமுறை விதி இருக்கிறது. ஒரு வணிக நிறுவனம் தனிநபர் மேல் பண வழக்குப் போடுமுன் என்னென்ன செய்ய வேண்டும் என்று அது வகுத்திருக்கிறது. தொகை எப்படி வந்தது என்று விளக்க வேண்டும். 30 நாள் தர வேண்டும். அந்த 30 நாள், கடிதத்தின் தலையில் உள்ள தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல.

பதில் படிவத்தில் "இந்தக் கடனை மறுக்கிறேன்" என்ற கட்டத்தில் குறியிடுங்கள். காரணத்தைத் தனித் தாளில் எண் போட்டு எழுதுங்கள். "மேலும் ஆவணங்கள் தேவை" என்ற கட்டத்திலும் குறியிட்டு இவற்றைக் கேளுங்கள்: நில உரிமையாளருடன் செய்த ஒப்பந்தத்தின் நகல், அன்றைய தேதியில் இருந்த பலகைகளின் படமும் இருந்த இடங்களைக் காட்டும் வரைபடமும், பதிவுதாரருக்கு அனுப்பிய நோட்டீஸ், அதைத் தபாலில் போட்டதற்கான அத்தாட்சி, எல்லாக் கேமராப் படங்களும், பணம் கட்டும் இயந்திரத்தின் அன்றைய பதிவு, கூடுதல் 70 பவுண்ட் எதற்காக என்ற விளக்கம், என்னிடம் கேட்பது ஓட்டியவர் என்ற முறையிலா, பதிவுதாரர் என்ற முறையிலா என்பதற்கு நேரான பதில்.

நீங்கள் கேட்டால் 30 நாளுக்குள் அவர்கள் கொடுக்க வேண்டும், அல்லது ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். நிரப்பிய படிவம் கிடைத்த நாளிலிருந்தும், நீங்கள் கேட்ட ஆவணங்களைக் கொடுத்த நாளிலிருந்தும் 30 நாள் கழியாமல் வழக்குப் போடக்கூடாது. இதை மதிக்காமல் அவசரப்பட்டு வழக்குப் போட்டால் நீதிபதி வழக்கை நிறுத்தி வைக்கலாம், செலவுத் தொகையில் கை வைக்கலாம். பார்க்கிங் நிறுவனத்துக்கு நேராகத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் போட்டு, "என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லா விவரமும் வேண்டும்" என்று கேட்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை. ஒரு மாதத்தில் தர வேண்டும்.

மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்புங்கள். அஞ்சல் அலுவலகத்தில் கேட்டால் தபாலில் போட்டதற்கு இலவசமாக ஓர் அத்தாட்சிச் சீட்டுத் தருவார்கள். அதை ஊசி குத்தி வையுங்கள்.

இவ்வளவும் எதற்கு? நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போடுகின்றன. பதில் வராத வழக்கில் நீதிபதி எதையும் விசாரிப்பதில்லை. தீர்ப்பு தானாக விழுகிறது. பதில் வந்த வழக்கில் ஒருவர் உட்கார்ந்து ஆவணம் தேட வேண்டும், ஆளை அனுப்ப வேண்டும், செலவு செய்ய வேண்டும். உங்கள் பதிலில் பொருள் இருந்தால் பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விடாவிட்டாலும், நீதிமன்றத்தில் நீங்கள் சொல்லப்போகும் கதை முழுக்க ஏற்கெனவே எழுத்தில் இருக்கும்.

வழக்கே வந்துவிட்டால்

நீதிமன்றத்தின் படிவம் தபாலில் வரும். படிவத்தில் உள்ள தேதிக்கு ஐந்து நாள் கழித்து அது உங்களுக்குச் சேர்ந்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாளில் பதில் போட வேண்டும். "கிடைத்தது, எதிர்வழக்காடப் போகிறேன்" என்று மட்டும் தெரிவித்தால் மொத்தம் 28 நாள் கிடைக்கும். அப்படி எதிர்வழக்காடும் சிறு வழக்குகளுக்கு 2024 மே முதல் தொலைபேசியில் இலவச சமரசப் பேச்சு கட்டாயம். அதுவும் முடியாவிட்டால் உங்கள் ஊருக்குப் பக்கத்து கவுண்டி நீதிமன்றத்தில், பெரும்பாலும் ஒரு சின்ன அறையில், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விசாரணை நடக்கும்.

தோற்றால் எவ்வளவு? 100 பவுண்ட், ஒருவேளை அந்த 70, வழக்குக் கட்டணம் 35, வழக்கறிஞர் செலவு 50, விசாரணைக் கட்டணம் 27, கொஞ்சம் வட்டி. சிறு வழக்குப் பிரிவில் எதிர்க்கட்சியின் வக்கீல் பில் முழுவதும் உங்கள் தலையில் விழாது. தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் பதிவேட்டிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படும். கட்டாமல் விட்டால்தான் ஆறு ஆண்டு. வீட்டுக் கடன், கார் கடன், வாடகை வீடு, கைபேசி ஒப்பந்தம் எல்லாவற்றையும் அது இடறும்.

அதைவிடக் கொடுமை, வழக்கு நடந்ததே தெரியாமல் தீர்ப்பு வாங்கியவர்களின் நிலைமை. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோவுக்கு வீடு மாறியிருப்பார்கள். ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றியவர்கள், காரின் பதிவுப் புத்தகமான விஃபைவ்சியில் மாற்ற மறந்திருப்பார்கள். இரண்டும் தனித்தனி. கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்படி விழுந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கே 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது. பதிவுப் புத்தகத்தில் முகவரி மாற்ற ஒரு பென்ஸும் ஆகாது.

நியாயமாக ஒரு வார்த்தை

எல்லா நோட்டீஸும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. பலகை தெளிவாக இருந்து, கடிதம் 14 நாளில் வந்து, நீங்களும் நேரத்தைத் தாண்டியிருந்தால் 60 பவுண்டிலேயே கட்டி முடித்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வாதாட வழி தேடாதீர்கள். எதிர்க்க வேண்டியது எதிர்க்கத் தகுந்ததை.

அரசாங்கத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த 2019-இலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. அதன்படி அரசு 2022 பிப்ரவரியில் நடத்தை விதிகளை வெளியிட்டது. நிறுவனங்கள் வழக்குக்குப் போனதும் அதே ஆண்டு ஜூனில் திரும்ப வாங்கிக்கொண்டது. 2025 ஜூலையில் மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கினார்கள். தொழில் நடத்துபவர்களே எழுதிய விதிகளை நம்பி இத்தனை கோடிக் கடிதங்கள் போய்க்கொண்டிருப்பது சரியல்ல.

அரசின் விதிகள் வரும்வரை நமக்கிருப்பது நம் கையெழுத்துத்தான். ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காகத் தயங்க வேண்டாம். சட்ட மொழி தேவையில்லை. என்ன நடந்தது, என்ன அத்தாட்சி, என்ன கேட்கிறேன் என்ற மூன்றும் இருந்தால் போதும். உங்கள் பகுதி சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக உதவுவார்கள். வீட்டில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். உறையைப் பிரியுங்கள், தேதியைக் குறியுங்கள், 30 நாளுக்குள் பதில் எழுதுங்கள்.

அடுத்த வாரம்: வாடகை வீட்டு முன்பணம் திரும்பி வராதபோது.

(தொடரும்)